இலக்குவன் கிழித்த கோடு எந்த இராமாயணத்தில் இருக்கிறது?



நமது ஆலயத் திருப்பணியின் ஒரு பகுதியாக, ஸ்ரீ இராமர் சந்நிதியின் சுற்றுச்சுவரில் இராமாயணக் காட்சிகள் 12 சுதைச் சிற்பங்களாக அமையவிருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அவற்றுக்கான மாதிரிப் படங்களை ஸ்தபதி வரைந்து கொடுத்ததும், உபயதாரர்களின் பார்வைக்காக அலுவலகத்துக்கு வெளியே ஒட்டி வைத்தோம். அன்று தொடங்கியது கேள்வி மழை. "சீதையை இராவணன் தொட்டுத் தூக்குவதுபோல் வரைந்திருக்கிறீர்களே, இது அடுக்குமா?" என்றார் ஒருவர். "அகலிகை கல்லாகக் கிடந்தாளா, சாம்பலில் கிடந்தாளா?" என்றார் இன்னொருவர். "அணில் எங்கே?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நிர்வாக சபையில் நான் ஒரு பழைய வாத்தியார் என்பதால், இவற்றுக்கெல்லாம் ஆண்டு மலரில் விளக்கம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விளக்கம் எழுதுவதற்கு முன் என் பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்கட்டுரையே அதனால்தான் வந்தது.

ஆறாவது சிற்பம், அதாவது சீதாப்பிராட்டியைக் கவர்ந்து செல்லும் காட்சி, ஒரு மூதாட்டியின் உபயம். எண்பது வயதைத் தாண்டியவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பிள்ளைகள் கொடுத்த கைச்செலவுக் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து 3,000 வெள்ளி கொண்டு வந்தார். இரசீது எழுதிக் கொண்டிருந்த என்னிடம், "வாத்தியாரய்யா, லெச்சுமணன் கிழிச்ச கோட்டை நல்லா தெரியிற மாதிரி போடச் சொல்லுங்க" என்றார். நான் பேனாவைக் கீழே வைக்காமலே, "அம்மா, அந்தக் கோடெல்லாம் இராமாயணத்தில் கிடையாது. சினிமாக்காரன் சேர்த்தது" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "எங்கப்பா சொன்னாரே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "சரி, புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க" என்று சொல்லிவிட்டு இரசீதைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளின் விடைத்தாள்களில் சிவப்பு மையால் கோடு போட்டுப் பழகிய கை இது. ஆனால் அன்றிரவு அந்த இரசீது என் சட்டைப்பையிலேயே இருந்தது. "கிடையாது" என்று இவ்வளவு உறுதியாகச் சொன்னோமே, எந்த இராமாயணத்தில் கிடையாது என்று தேடிப் பார்த்தோமா என்ற உறுத்தல் ஏற்பட்டது. அடுத்த சில மாதங்கள் தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அனைவரும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வடமொழியில் வான்மீகி முனிவர் அருளிய ஆதிகாவியம் ஏறக்குறைய 24,000 சுலோகங்களைக் கொண்டது, ஏழு காண்டங்கள். தமிழில் கவிச்சக்கரவர்த்தி கம்பர் பாடியது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், ஆறு காண்டங்கள். கம்பர் தம் நூலுக்கு இட்ட பெயர் 'இராமாவதாரம்'. திருமுடி சூடி, வந்தவர்களுக்கு விடை கொடுத்தனுப்புவதோடு அவர் நிறுத்திக் கொள்கிறார். சீதாப்பிராட்டியை மீண்டும் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தை அவர் பாடவில்லை. தமிழில் அதைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. எதைச் சொல்வது என்பதைப் போலவே எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு கவிஞனின் முடிவுதான். கம்பர் நிறுத்திய இடத்தில் நின்றுதான் நம்மவர்கள் பட்டாபிஷேகப் படத்தைப் பூஜையறையில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஆறாவது சிற்பத்துக்கு வருவோம். ஸ்தபதி முதலில் வரைந்த படத்தில், இராவணன் பிராட்டியின் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். அன்பர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் ஸ்தபதி எதையும் கற்பனை செய்யவில்லை. வான்மீகி சொல்வது அதுதான். ஒரு கையால் கூந்தலைப் பற்றி, மறு கையால் உடலைத் தூக்கித் தன் தேரில் ஏற்றினான் என்று ஆதிகவி ஒளிவு மறைவின்றிச் சொல்கிறார். கொடுமையைக் கொடுமையாகவே காட்ட வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருக்கலாம். அதைப் படிக்கும்போது நமக்கு இராவணன்மீது எழும் சினத்தில் ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் எழுப்பி விடுகிறார்.

கம்பருக்கு அது பொறுக்கவில்லை. அவர் பாடியது ஆழ்வார்கள் பாடிச் சென்ற பக்தி மண்ணில். அவர் கேட்போருக்குச் சீதை ஓர் அரசகுமாரி மட்டும் அல்லள், திருமகளே. ஆகவே கம்பரின் இராவணன் பிராட்டியைத் தொடுவதில்லை. விருப்பமில்லாத பெண்ணைத் தீண்டினால் அழிவாய் என்ற சாபத்துக்கு அஞ்சி, அவள் இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தேரில் வைத்துக் கொண்டு போகிறான். இந்தச் சாபம் கம்பரின் புனைவு என்று எண்ணிவிடக் கூடாது. வான்மீகத்திலேயே யுத்த காண்டத்தில், பிரமன் தனக்கு இட்ட இத்தகைய சாபத்தைப் பற்றி இராவணன் தன் வாயாலேயே சொல்கிறான். மூலத்தின் பின்பகுதியில் கிடந்த ஒரு செய்தியைக் கம்பர் முன்னே கொண்டுவந்து, அதன்மேல் காட்சியை அமைத்துக் கொண்டார்.

அமைத்ததோடு அவர் மறந்துவிடவும் இல்லை. இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை. வான்மீகியின் அனுமன் அசோகவனத்தில் பிராட்டியைக் காண்பது ஒரு மரத்தடியில். கம்பரின் அனுமனோ இராமபிரானிடம் திரும்பி வந்து, உன் தம்பி புல்லால் வேய்ந்த அதே சாலையில்தான் பிராட்டி இருக்கிறாள் என்று சொல்கிறான். அந்த ஒரு செய்தியிலேயே, அவள் தீண்டப்படவில்லை என்பதைக் கேட்கும் கணவன் புரிந்துகொள்கிறான். ஆரணிய காண்டத்தில் செய்த ஒரு மாற்றத்தின் கணக்கை ஒரு காண்டத்துக்கு அப்பால் சுந்தர காண்டத்தில் வந்து நேர் செய்கிறார் கவிஞர்.

வடநாட்டில் வேறொரு வழி கண்டார்கள். அத்யாத்ம ராமாயணம் என்ற வடமொழி நூலில், நடக்கப் போவதை முன்பே அறிந்த இராமபிரான், சீதையை அக்கினிக்குள் மறைந்திருக்கச் சொல்லிவிடுகிறார். இராவணன் கொண்டு போனது நிழற்சீதையை, மாயாசீதையை. துளசிதாசர் 1574-ல் அயோத்தியில் எழுதத் தொடங்கிய இராமசரிதமானசும் இதையே சொல்கிறது. அதில் இந்த இரகசியம் இலக்குவனுக்கே தெரியாது. இதன் பயன் எங்கே தெரிகிறது என்றால், இலங்கையில் நடக்கும் தீக்குளிப்பில். வான்மீகத்தில் அது சோதனை. கம்பரிலும் சோதனைதான், ஆனால் அங்கே பிராட்டியின் கற்பின் வெம்மையால் அக்கினி தேவனே வெந்து கதறுகிறான். துளசிதாசரிலோ அது ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெறும் சடங்காகி விடுகிறது. நிழல் எரிந்து போக, உண்மைச் சீதை வெளியே வருகிறாள். ஒரே தீதான். மூன்று இடங்களில் மூன்று விதமாக எரிகிறது.

எனக்கு எது உகந்தது என்று கேட்டால் கம்பர் என்றே சொல்வேன். மாயாசீதையால் பிராட்டிக்கு மாசு இல்லாமல் போகிறது, உண்மைதான். ஆனால் அசோகவனத்தில் அழுதது நிழல் என்று ஆகிவிட்டால், அந்தக் கண்ணீருக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. இது என் சொந்தக் கருத்து. வடநாட்டு அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

சரி, அந்தக் கோடு?

வான்மீகத்தில் கோடு இல்லை. கம்பரிலும் இல்லை. இந்த அளவில் நான் அம்மூதாட்டியிடம் சொன்னது சரியே. வான்மீகத்தில், பிராட்டியின் கடுஞ்சொல்லைத் தாங்காமல் புறப்படும் இலக்குவன், வனதேவதைகள் எல்லோரும் உங்களைக் காக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான். கதை கேட்ட மக்களுக்கு அது போதவில்லை போலும். இவ்வளவு பொறுப்புள்ள தம்பி, வெறும் வேண்டுதலோடு அண்ணியைத் தனியே விட்டுப் போவானா? அந்த வேண்டுதல்தான் நாளடைவில் மண்ணில் கிழித்த கோடாக மாறியிருக்கும் என்பது என் ஊகம். வங்காளத்தில் கிருத்திவாசர் 15-ஆம் நூற்றாண்டில் பாடிய இராமாயணத்தில் கோடு வந்துவிடுகிறது. தெலுங்கின் ரங்கநாத ராமாயணத்திலும் கோடு உண்டு.

என்னை மிகவும் நாணச் செய்தது துளசிதாசர்தான். சீதையைக் கவரும் இடத்தில் அவர் கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் பின்னால் இலங்கையில், மண்டோதரி தன் கணவனை இடித்துரைக்கும்போது, இராமனின் தம்பி கிழித்த சின்னக் கோட்டைக்கூட உன்னால் தாண்ட முடியவில்லை, நீயா அவனை வெல்லப் போகிறாய் என்று ஏளனம் செய்கிறாள். கதை நடக்கும் இடத்தில் சொல்லாததை, போகிற போக்கில் ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்கிறார் என்றால் என்ன பொருள்? கேட்கும் மக்களுக்குக் கோட்டுக் கதை முன்பே தெரியும் என்றுதானே பொருள்! ஆக, சினிமா பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. 1958-ல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்' படத்தின்மீதும், 1987-ல் இந்தியத் தொலைக்காட்சியில் தொடங்கிய இராமாயணத் தொடரின்மீதும் நான் பழி போட்டது அறியாமை.

அணில் கதையும் இப்படித்தான். இங்கே என் தமிழறிவே என்னைக் காட்டிக் கொடுத்தது. பாலம் கட்ட உதவிய அணில் வான்மீகத்திலும் இல்லை, கம்பரிலும் இல்லை. ஆனால் கம்பருக்கு முன்பே வாழ்ந்த தொண்டரடிப்பொடி ஆழ்வார், திருமாலையில் அந்த அணிலைப் பாடியிருக்கிறார். குரங்குகள் மலைகளைத் தள்ளிச் செல்ல, நீரில் குளித்து மணலில் புரண்டு ஓடி உதவிய அணிலைப் போன்றவன்கூட நான் இல்லையே என்று உருகுகிறார். நாடோறும் பிரபந்தம் ஓதப்படும் சந்நிதிகளில் ஒலிக்கும் அணில் அது. முதுகில் மூன்று கோடுகள் விழுந்த கதை பின்னால் வாய்வழியே சேர்ந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், சங்கப் பாடல்களிலேயே நாம் நூல்களில் காணாத காட்சிகள் உண்டு. கடற்கரையில் ஆலமரத்தடியில் இராமன் ஆலோசனை நடத்தியபோது, இரைந்த பறவைகளை அடக்கினான் என்று அகநானூறு 70-ஆம் பாடல் சொல்கிறது. சீதை எறிந்த நகைகளைக் கண்டெடுத்த குரங்குகள், எதை எங்கே அணிவது என்று தெரியாமல் மாற்றி மாற்றி அணிந்து கொண்டதை உவமையாக்கி நகைக்கிறது புறநானூறு 378-ஆம் பாடல். கம்பர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ் மக்கள் இராமகதையைத் தங்கள் வீட்டுக் கதையாகப் பேசிக் கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சிறுமி கேட்ட அணில் பத்தாவது சிற்பத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஸ்தபதிக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

அகலிகை சிற்பத்தில்தான் நிர்வாக சபை இரண்டு கூட்டங்களைச் செலவிட்டது. வான்மீகத்தில் கௌதமரின் சாபம் கல்லாகும் சாபம் அன்று. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் நீண்ட காலம் தவமிருக்க வேண்டும் என்பதே. இராமன் ஆசிரமத்துள் நுழைந்ததும் அவள் கண்ணுக்குத் தெரிகிறாள். உடனே இராமனும் இலக்குவனும் அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகிறார்கள். ஆம், அவர்கள்தாம் அவளை வணங்குகிறார்கள். கம்பரில் அவள் கல். இராமபிரானின் திருவடித் துகள் பட்டதும் பழைய உருவம் பெற்று எழுகிறாள். மனத்தால் பிழை செய்யாதவள் என்று விசுவாமித்திரர் அவளுக்காகக் கௌதமரிடம் பேசுகிறார். இராமன் அவளை 'அன்னை' என்றே அழைக்கிறான்.

கல் என்பது கம்பர் கொண்டுவந்த மாற்றம் என்றே பலரும் நினைக்கிறோம். நானும் அப்படியே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் பரிபாடலின் 19-ஆம் பாடலில் ஒரு காட்சி வருகிறது. திருப்பரங்குன்றத்து முருகன் கோயிலில் எழுதப்பட்டிருந்த ஓவியங்களை மக்கள் சுற்றிப் பார்க்கிறார்கள். இவன் இந்திரன், பூனையாகப் போகிறான், இவள் அகலிகை, இவர் கௌதமர், அவர் சினத்தால் இவள் கல்லான நிலை இது என்று ஒருவருக்கொருவர் சுட்டிக் காட்டிக் கொள்கிறார்கள். அன்பர்களே, இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கோயில் சுவரில் அகலிகை கதையை எழுதி வைத்து, வந்தவர்கள் நின்று விளக்கம் பேசிக் கொண்ட வழக்கம் கம்பருக்கு முன்பே தமிழகத்தில் இருந்திருக்கிறது. நம் அலுவலக வாசலில் படங்களுக்கு முன் நின்று வாதாடிய அன்பர்கள் அந்தப் பழைய கூட்டத்தின் வாரிசுகள்தாம்.

இதே அகலிகையை வைத்து 1943-ல் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' என்ற சிறுகதையை எழுதினார். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் அவருடைய அகலிகை மீண்டும் கல்லாகி விடுகிறாள். பயிற்சி ஆசிரியனாக இருந்த காலத்தில் அதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். பக்தர்களில் சிலருக்கு அது உவப்பாக இராது. ஆயினும், இராமகதையை உள்ளத்தில் சுமக்காத ஒருவரால் அதை எழுதியிருக்க முடியாது.

எங்கள் கூட்டத்துக்குத் திரும்புவோம். சமய வகுப்பில் உதவும் ஓர் இளம்பெண், "படத்தில் இராமர் அந்த அம்மாவை மிதிக்கிற மாதிரி இருக்கிறதே, ஐயா" என்றார். உண்மைதான். காலண்டர் படங்களின் தாக்கத்தால், கல்லின்மேல் கால் வைத்ததாகவே வரையப்பட்டிருந்தது. கம்பர் சொன்னது திருவடித் துகள் பட்டதை, மிதித்ததை அன்று. நீண்ட வாதத்துக்குப் பின் எடுத்த முடிவு இது: அகலிகை பரிபாடலிலும் கம்பரிலும் உள்ளபடி கல்லிலிருந்து எழுவாள்; இராமபிரான் சற்றுத் தள்ளி, வான்மீகத்தில் உள்ள மரியாதையோடு கைகூப்பி நிற்பார். இரண்டு நூல்களைக் கலக்கலாமா என்று இரண்டு உறுப்பினர்கள் ஆட்சேபித்தார்கள். அவர்களுடைய ஆட்சேபம் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அதுவும் ஒரு நியாயம்தான்.

நம் நாட்டில் வாழும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1980-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என் அறைத்தோழர் கிளந்தானைச் சேர்ந்த மலாய்க்காரர். ஒருநாள் பேச்சுவாக்கில், "அனுமான் ஸ்ரீராமாவின் மகன்தானே?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. சிறுவயதில் தந்தையின் தோளில் அமர்ந்து வாயாங் கூலிட் பார்த்து வளர்ந்தவர் அவர். அந்தத் தோல்பாவைக் கூத்தில் ஸ்ரீராமா பச்சை நிறம், லக்சமானா சிவப்பு நிறம், சீத்தி தேவி, வெள்ளைக் குரங்கு அனுமான், மகாராஜா வானா என்ற இராவணன் எல்லாரும் உண்டு. இவர்களோடு பாக் டோகோல், வாக் லோங் என்ற இரு கோமாளிகளும் உண்டு. தோக் டாலாங் ஒருவரே அத்தனை பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார்.

அவர் சொன்னது தவறன்று. 'ஹிக்காயாட் ஸ்ரீராமா' என்னும் மலாய் நூலில் அனுமன், இராமனுக்கும் சீதைக்கும் பிறந்தவனே. இந்நூலின் மிகப் பழைய பிரதி ஒன்று 1630களில் இங்கிலாந்து சென்று, இன்றும் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் இருக்கிறது. மலாய் இலக்கியப் பிரதிகளில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று இராமகதை என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. அதில் இராவணன் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்யும்போது அவன்முன் தோன்றுபவர் நபி ஆதாம். சீதையோ இராவணன் அரண்மனையில் பிறந்து, சோதிடர் சொல்லுக்கு அஞ்சிப் பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தை. கேட்கத் திகைப்பாக இருக்கும். ஆனால் சீதை இராவணன் மகள் என்பது மலாய்க்காரர் கண்டுபிடித்ததும் அன்று. சமண முனிவர் குணபத்திரரின் உத்தரபுராணத்தில் அது உண்டு. தாய்லாந்தின் ராமகியனிலும் உண்டு. தான் எறிந்த பிள்ளையே தன்னை அழிக்க வந்தது என்று கதை திரும்பும்போது, காமத்தின் கதை விதியின் கதையாக மாறிவிடுகிறது.

சாவகத்தில் 9-ஆம் நூற்றாண்டில் எழுந்த பிரம்பானான் கோயிலின் சிவாலயத்திலும் பிரம்மா ஆலயத்திலும் இராமகதைச் சிற்பங்கள் இருக்கின்றன. டச்சு அறிஞர் ஸ்டுட்டர்ஹைம் 1925-ல் அவற்றை ஆராய்ந்து, பல காட்சிகள் வான்மீகத்தைவிட மலாய்க் கதையோடுதான் ஒத்துப்போகின்றன என்று காட்டினார். பாலத்துக் கற்களைக் கடல் மீன்கள் விழுங்கிச் செல்வது அங்கே இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நண்பர்களோடு பாங்காக் சென்றபோது, வாட் ப்ரா கியோ ஆலயச் சுற்றுச்சுவரில் ராமகியன் கதையை 178 ஓவியங்களாகக் கண்டேன். முதலாம் இராமா என்ற மன்னர் 1797-ல் தொகுப்பித்த காவியம் அது. அங்கே அனுமன் பிரமசாரி அல்லர். கடற்கன்னி ஒருத்தியைக் காதலித்து மணக்கிறார். எங்களோடு வந்த ஒரு நண்பர், சனிக்கிழமை தவறாமல் வடைமாலை சாற்றுபவர், அந்த ஓவியத்துக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போனார். வழிகாட்டியாக வந்த தாய்லாந்துப் பெண்ணோ, நம் அனுமன் மணமே செய்யாதவர் என்று கேட்டு, "பாவம்" என்றாள்.

என் மலாய் அறைத்தோழரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. படிப்பு முடிந்ததும் பிரிந்துவிட்டோம். மலாக்கா சுல்தானின் கடற்படைத் தளபதிக்கு 'லக்சமானா' என்று பட்டம் கொடுத்து, ஹங் துவாவை அப்பெயரால் போற்றிய மக்கள் அவர்கள். அந்தப் பெயர் இலக்குவனுடையது. அண்ணனுக்காகக் காவல் நின்ற தம்பியின் பெயரை ஒரு நாட்டின் காவலனுக்குச் சூட்டியிருக்கிறார்கள். அதைவிட நன்றாகக் கதையைப் புரிந்துகொண்டவர்கள் யார்?

அம்மூதாட்டியின் வீட்டுக்கு இரசீதை எடுத்துக்கொண்டு நானே போனேன். துளசிதாசர், கிருத்திவாசர் என்று சொல்லி என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அந்தப் பெயர்களை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. காப்பி கொடுத்தார். பிறகு, "உங்கப்பா கோட்டுக் கதையை எப்படிம்மா சொன்னார்?" என்று முதல் முறையாகக் கேட்டேன். அன்றே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"லயத்து வாசல்ல பாயைப் போட்டு ராத்திரியில சொல்லுவாரு. கோட்டைத் தாண்டுனது சீதை தப்புன்னு ஊர்ல பேசுறாங்கள்ல? எங்கப்பா அப்படிச் சொல்ல மாட்டாரு. பசின்னு ஒருத்தன் வாசல்ல நிக்கிறான். கோட்டுக்கு உள்ள இருந்து கை எட்டல. சோறு போடணும்னுதான் காலை எடுத்து வச்சா. அவ்வளவுதான். தப்பு கேட்டவன்மேல, போட்டவமேல இல்லைன்னு சொல்லுவாரு."

எத்தனையோ உரைநூல்களைப் புரட்டியவன் நான். கோட்டை அடக்கத்தின் எல்லையாகவும், மீறினால் வரும் தண்டனையாகவும் விளக்கியவர்களைத்தான் படித்திருக்கிறேன். நானே பெண் பிள்ளைகளுக்கு அப்படிப் பாடம் எடுத்திருக்கிறேன். தோட்டத்தில் கஞ்சிக்கு அல்லாடிய காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி அந்தக் கோட்டின்மேல் ஒரு சோற்றுப் பாத்திரத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்.

சபை கூடி ஆறாவது சிற்பத்தை மாற்றி அமைத்தது. இராவணன் தூக்கிச் செல்லும் காட்சி அதில் இராது. பர்ணசாலை வாசலில் பிராட்டி சோற்றுப் பாத்திரத்துடன் நிற்பாள். ஒரு பாதம் கோட்டுக்கு உள்ளே, ஒரு பாதம் வெளியே. எதிரே ஓடேந்திய கபட சந்நியாசி. கோடு மஞ்சள் வண்ணத்தில் தெளிவாகத் தெரியும். ஏழாவது சிற்பத்தில் கம்பர் சொன்னபடி, பர்ணசாலையோடு விரையும் தேரை ஜடாயு மறிப்பார். ஆறாவது சிற்பத்தின் கீழே, 'வாய்மொழி மரபு' என்று சிறிய எழுத்தில் பொறிக்கப்படும். மற்றவற்றின் கீழும் வான்மீகம், கம்பர், திருமாலை என்று எந்த வழக்கைப் பின்பற்றியது என்பது இருக்கும். இடமும் மாறியிருக்கிறது. அன்னதான மண்டபத்துக்குப் போகும் வழியில், வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படும்படி ஆறாவது சிற்பம் அமையும்.

சமய வகுப்பு மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இராமகதைகளை எழுதி வருகிறார்கள். அன்பர்கள் தாங்கள் கேட்டு வளர்ந்ததை எழுதியோ, அலுவலகத்துக்கு வந்து சொல்லியோ உதவ வேண்டுகிறேன். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன். யார் சொன்னார்கள், எந்தத் தோட்டத்தில், எந்த ஊரில் என்று மட்டும் குறித்துக் கொள்வோம்.

சென்ற மாதம் திருத்திய படத்தைக் காட்ட அம்மூதாட்டியை அழைத்து வந்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கோட்டை விரலால் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரய்யா, சட்டியில சோறு கொஞ்சமா இருக்கே" என்றார். பக்கத்தில் நின்ற ஸ்தபதி பென்சிலை எடுத்து, அங்கேயே பாத்திரத்தில் சோற்றைக் குவித்து வரைந்தார்.